தரையைத் தடவிப் பறந்த பருந்து: நெல்லைச் சமவெளியில் நான்கு நாட்கள்

முதல் நாள்: ஜனவரி 18, கூந்தன்குளம்

பொங்கல் விடுமுறை முடிந்து பெருநகரங்களுக்குத் திரும்புவோர் கூட்டம் பேருந்து நிலையத்தை நிறைத்திருந்த வேளையில், நானும் நண்பரும் அதற்கு எதிர்த்திசையில், மூலைக்கரைப்பட்டி வழியாகக் கூந்தன்குளத்திற்குப் புறப்பட்டோம். வடகிழக்குப் பருவமழை இம்முறை ஏமாற்றவில்லை; குளத்தில் நீர் ததும்பி நிற்கிறது. 1994இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, பின்னர் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களைக் கொண்ட ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்ற இக்குளத்தைப் பற்றியும், வீட்டு வாசல் மரங்களில் கூடு கட்டும் சங்குவளை நாரைகளையும் கூழைக்கடாக்களையும் பிள்ளைகளைப் போலக் காத்துவரும் ஊராரைப் பற்றியும் பலர் நிறைவாக எழுதியிருக்கிறார்கள். ஆகவே பகல் முழுவதும் கண்ட நீர்ப்பறவைகளை விட்டுவிட்டு, மாலையில் ஒரு நிமிடத்திற்கும் குறைவாகக் கண்ட ஒரே ஒரு பறவையைப் பற்றி மட்டும் இன்று எழுதுகிறேன்.

குளத்திற்கு அப்பால், உடைமரங்கள் குடை விரித்தாற்போல் அங்கங்கே நிற்கும் செம்மண் தரிசு ஒன்று இருக்கிறது. மழைக்குப் பிறகு முளைத்த புல் முழங்கால் உயரத்திற்கு வளர்ந்து, இப்போது நுனி காய்ந்து வைக்கோல் நிறத்தில் அசைந்துகொண்டிருக்கிறது. மாலை 5.20 மணிக்கு அங்கே மேய்ந்துகொண்டிருந்த ஆள்காட்டிகள் ஒரே குரலில் அலறி எழுந்தன. ஆள்காட்டி என்று இந்தப் பறவைக்குப் பெயர் வைத்தவர்கள் அதனுடன் நெடுங்காலம் பழகியவர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும். வேட்டைப்பறவை வருவதை அதைப்போல் முன்கூட்டிச் சொல்லும் துணை பறவை நோக்குவோருக்கு வேறில்லை. அவை பார்த்த திசையில் பைனாகுலரைத் திருப்பினேன். புல்லின் நுனியிலிருந்து ஓர் ஆள் உயரத்திற்கும் குறைவாக, நீண்ட இறக்கைகளை உடலுக்கு மேலே சற்று உயர்த்தி விரித்தபடி, ஒல்லியான பருந்து ஒன்று மிதந்து வந்தது. நான்கைந்து முறை சிறகடிக்கும்; பிறகு இருபுறமும் மெல்லச் சாய்ந்தாடியபடி நெடுந்தூரம் அப்படியே மிதக்கும். திரும்பும்போது வாலின் அடியில், முதுகு முடியும் இடத்தில், ஒரு வெள்ளைத் திட்டு பளிச்சென்று தெரிந்தது. கீழ்ப்பகுதி செம்பழுப்பாகத் தோன்றியது. அதற்குள் அது உடைமரங்களுக்குப் பின்னால் மறைந்துவிட்டது.

இந்தத் தரிசில் வழக்கமாகப் பறக்கும் எதனுடனும் அது பொருந்தவில்லை. கரும்பருந்துக்கு வால் பிளவுபட்டிருக்கும், அது இவ்வளவு தாழ்வாகவும் தேடாது. கருந்தோள் பருந்து ஓரிடத்திலேயே நின்று சிறகடித்துப் பார்க்கும். வல்லூறுக்கு இறக்கை குட்டை. இறக்கையை ஆழமற்ற ‘வி’ வடிவில் வைத்துக்கொண்டு தரையை ஒட்டித் தேடும் பழக்கம் பூனைப்பருந்துகளுக்கு உரியது. ஆனால் குளத்தின் கோரைப்புற்களுக்கு மேல் காலையில் நாங்கள் கண்ட சேற்றுப் பூனைப்பருந்து இதைவிடத் தடித்தது. அதற்கு இப்படிப்பட்ட வெள்ளைத் திட்டும் கிடையாது.

அப்படியானால் எஞ்சுபவை இரண்டு: மான்டேகு பூனைப்பருந்து, வெளிர் பூனைப்பருந்து. இரண்டும் மத்திய ஆசியாவின் புல்வெளிகளிலிருந்து குளிர்காலத்தைக் கழிக்க இந்தியாவுக்கு வருபவை. செப்டம்பர், அக்டோபரில் வந்து மார்ச், ஏப்ரலில் திரும்பிவிடும். ஆண்களைக் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை. சாம்பல் நிறமும் இறக்கையின் கருமை அமைந்திருக்கும் விதமும் காட்டிக்கொடுத்துவிடும். பெண்களும் முதல் ஆண்டுப் பறவைகளும் பழுப்பு உடலும் வெள்ளைத் திட்டும் வரிவரியான வாலும் கொண்டு ஒன்றைப்போல் ஒன்று இருப்பதால், ‘ரிங்டெயில்’ என்ற ஒரே பெயரால் அவற்றைச் சேர்த்துக் குறிப்பிடுவது வழக்கம். அனுபவசாலிகளும் தயங்கும் இடம் இது.

நூலைத் திறக்கும் முன் பார்த்ததை எழுதிவிட வேண்டும் என்பதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். படத்தைப் பார்த்த பிறகு, பார்க்காததையும் பார்த்ததாக மனம் நம்பத் தொடங்கிவிடும். ஆகவே குறிப்பேட்டில் இவ்வளவுதான் எழுதினேன்: ‘ஒல்லியான பூனைப்பருந்து, வெள்ளைத் திட்டு உண்டு, கீழே செம்பழுப்பு, கோடுகள் தெரியவில்லை, முகம் பார்க்கவில்லை, சூரியன் அதற்குப் பின்னால்.’

இரண்டாம் நாள்: ஜனவரி 19, அதே தரிசு

விடிவதற்கு முன்பே வந்து ஓர் உடைமரத்தின் அடியில் அமர்ந்தோம். ஒன்பது மணிவரை வானம்பாடிகளும் நெட்டைக்காலிகளும் தவிர எதுவும் எழவில்லை. செம்மறிகளை ஓட்டிக்கொண்டு வந்த அண்ணாச்சி ஒருவர், நாங்கள் எதற்காகக் காத்திருக்கிறோம் என்று விசாரித்தார். நேற்று கண்டதைச் சொல்லி, “பிராந்து மாதிரி இருந்துச்சு அண்ணாச்சி, ஆனா பிராந்து இல்ல” என்றேன். அவர் உடனே, “அது பிராந்து இல்ல தம்பி. பிராந்து மேல சுத்தும். இது தரையத் தடவிக்கிட்டுல்லா போவும். ஆடு நடக்கையில வெட்டுக்கிளி எந்திரிக்கும்லா, அதுக்குப் பின்னாலயே வரும்” என்றார்.

ஒரு வேட்டைப்பறவையின் வாழ்க்கை முறையை இதைவிடச் சுருக்கமாக எந்த நூலிலும் நான் படித்ததில்லை. அவர் சொன்னபடியே மந்தையின் பின்னால் ஐம்பது அடி தள்ளி நடந்தோம். பத்தேகால் மணிக்குப் பறவை வந்தது. மந்தையின் இடப்புறமாக நுழைந்து, ஆடுகள் மிதித்துக் கிளப்பிய வெட்டுக்கிளிகளை நோக்கி இருமுறை கால்களைத் தொங்கவிட்டு இறங்கியது. இரண்டாம் முறை எழுந்தபோது காலில் எதையோ பற்றியிருந்தது. காகம் ஒன்று அதைத் துரத்தியதால் அளவை ஒப்பிடவும் வாய்ப்புக் கிடைத்தது. பருந்தின் இறக்கை விரிப்பு காகத்தினுடையதைவிடத் தெளிவாக நீளம், ஒரு மீட்டருக்குச் சற்று மேல் இருக்கும். உடலோ காகத்தைவிடப் பெரிதாகத் தெரியவில்லை. நீண்ட இறக்கைக்கு நடுவில் கதிர் போன்ற சிறிய உடல் என்பதால்தான் அதன் பறத்தல் அவ்வளவு இலேசாக இருக்கிறது.

நண்பர் பதினொரு படங்கள் எடுத்தார். பெரும்பாலானவற்றில் பறவை எங்களிடமிருந்து விலகிச் செல்கிறது. இரண்டில் மட்டும் இறக்கையின் அடிப்பகுதி தெரிகிறது. கீழ்ப்பகுதி முழுவதும் கோடுகளற்ற செம்பழுப்பு. அது முதல் ஆண்டுப் பறவை என்பதற்கு இதுவே போதும். வளர்ந்த பெண்ணுக்கு மார்பில் கோடுகள் இருக்கும். இறக்கை நுனியில் விரல்கள் போல் பிரிந்து நிற்கும் இறகுகள் நான்கு. வட இந்தியாவோடு பெரும்பாலும் நின்றுவிடும் ஹென் பூனைப்பருந்துக்கு ஐந்து விரல்கள் தெரியும் என்பதால், அந்த ஐயமும் நீங்கியது. அந்த நான்கு விரல்களும் படத்தில் கரியவையாகத் தெரிகின்றன. மான்டேகு இளம்பறவைக்கு விரல் நுனிகள் கருமையாகவும், அங்கிருந்து இறக்கையின் பின்விளிம்பு வரை ஒரு கரும்பட்டை படர்ந்தும் இருக்கும்.

ஆகவே இது மான்டேகு பூனைப்பருந்து, முதல் ஆண்டுப் பறவை என்று முடிவு செய்து, இன்றைய பட்டியலிலும் அப்படியே பதிவு செய்திருக்கிறேன்.

மூன்றாம் நாள்: ஜனவரி 20, எட்டயபுரம் கரிசல்

நேற்று எழுதியதை இன்று திரும்பப் பெற வேண்டியிருக்கிறது. அதற்கான காரணத்தை விரிவாகவே சொல்கிறேன்.

கயத்தாற்றின் காற்றாலைகளைக் கடந்து, கோவில்பட்டியிலிருந்து கிழக்கே எட்டயபுரம் செல்லும் சாலையில் இன்று காலை இறங்கினோம். உளுந்தும் பாசிப்பயறும் அறுப்புக்கு நெருங்கிய கரிசல் வயல்களும், அவற்றுக்கு இடையே உழாமல் விட்ட தரிசுகளும் கண்ணுக்கு எட்டியவரை கிடக்கின்றன. வருவாய்த்துறைப் பதிவேட்டில் இவற்றுக்குத் தரிசு, புறம்போக்கு என்று பெயர். எதற்கும் பயன்படாத நிலம் என்ற பொருளை அந்தச் சொற்கள் தாமாகவே கொண்டுவந்துவிடுகின்றன. மரக்கன்று நடுவதற்கோ சூரியத் தகடு பரப்புவதற்கோ முதலில் கை வைக்கப்படுவதும் இந்த நிலத்தின் மேல்தான். பூனைப்பருந்து மரத்தில் தங்குவதில்லை. புல்லில் இரை தேடி, இரவில் புல்லுக்குள்ளேயே தரையில் படுத்து உறங்கும் பறவை அது. புல்வெளியை மரக்காடாக மாற்றுவது காட்டுப்பறவைக்கு வேண்டுமானால் உதவலாம். இதற்கு வீட்டையே பறிப்பதாகும். மரம் நடுவதை நான் வெறுக்கவில்லை. ஆனால் எங்கே நடுகிறோம் என்று கேட்காமல் நடுவதைக் காணும்போது எனக்கு உண்மையிலேயே மனம் பொறுப்பதில்லை.

ஏழே முக்காலுக்கு, சாலையிலிருந்து அறுபதடி தொலைவில், கரிசல் கட்டி ஒன்றின் மேல் பழுப்புப் பறவை ஒன்று அமர்ந்திருந்தது. சூரியன் எங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. பறவை எங்களை நேராகப் பார்த்தது. பூனைப்பருந்தின் முகம் மற்றப் பருந்துகளின் முகத்தைப் போன்றதன்று. ஆந்தைக்கு இருப்பதுபோல் முகத்தைச் சுற்றி இறகுகள் வட்டமாக அமைந்து, புல்லுக்குள் அசையும் இரையின் ஒலியைக் காதுக்குச் சேர்க்கும். இந்தப் பறவையின் கண்ணைச் சுற்றி, மேலும் கீழும் அகலமான வெள்ளை இருந்தது. அதன் பின்னால் கன்னத்தில் கரும்பழுப்பாக ஒரு திட்டு, காற்புள்ளியின் வடிவில். திட்டுக்குப் பின்னால் கழுத்து வெறும் செம்பழுப்பு. பட்டை எதுவும் இல்லை. விலாப்புறத்தில் மெல்லிய கோடுகள் சில ஓடின. அது எழுந்து எங்கள் தலைக்கு மேல் திரும்பியபோது, இறக்கையின் விரல்களும் பின்விளிம்பும் சேர்ந்து மையில் தோய்த்ததுபோல் இருண்டு தெரிந்தன. மான்டேகு பூனைப்பருந்தின் முதல் ஆண்டுப் பறவை. ஒரு குறையும் இல்லாத காட்சி.

என் மனம் உடனே கூந்தன்குளத்துக்குத் தாவியது. ‘மையில் தோய்த்ததுபோல்’ என்று இங்கே சொன்னேனே, அந்தப் பின்விளிம்பு நேற்றைய படங்களில் இருந்ததா? கைப்பேசியில் மீண்டும் பெரிதாக்கிப் பார்த்தோம். விரல்கள் கருமையாக இருந்தது உண்மை. ஆனால் அந்த இரண்டு படங்களிலும் வானம் பின்னால் ஒளிர, பறவை முழுவதுமே நிழலில் இருக்கிறது. அந்த ஒளியில் வெண்கொக்கின் இறக்கை நுனியும் கருமையாகத்தான் தெரியும். விரல்களுக்கு அடுத்துள்ள உள் இறகுகளின் விளிம்போ வெளிறியே இருக்கிறது. நான் ஒரே ஓர் அடையாளத்தைப் பிடித்துக்கொண்டு, அதற்கு முரணானது அதே படத்தில் இருந்தும் அதைக் கேட்காமல் விட்டிருக்கிறேன். அதைவிட முக்கியமானது, இரண்டு நாட்களிலும் நான் அந்தப் பறவையின் முகத்தைப் பார்க்கவே இல்லை. தரையை நோக்கிக் குனிந்த தலையையும், விலகிச் செல்லும் முதுகையும் மட்டுமே பார்த்திருந்தேன். ஆகவே பட்டியலில் இருந்த பெயரைத் திருத்தி, ‘மான்டேகு அல்லது வெளிர்’ என்று மாற்றிவிட்டேன். பறவை நோக்குவோர் தங்கள் பட்டியல்களைச் சேர்க்கும் இபேர்ட் இணையதளத்தில் இப்படிப் பதிவு செய்ய இடம் இருக்கிறது. அதைப் பயன்படுத்தத் தயங்க வேண்டியதில்லை.

இந்தப் பறவைகள் ஏமாற்றியது நம்மை மட்டுமன்று. ஐரோப்பாவில் நெடுங்காலம், சாம்பல் நிற ஹென் பூனைப்பருந்தும் பழுப்பு நிற ரிங்டெயிலும் வெவ்வேறு இனங்கள் என்றே பலர் கருதியிருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஜார்ஜ் மான்டேகு, கூட்டிலிருந்து குஞ்சுகளை எடுத்து வளர்த்து, பழுப்பு இறகு உதிர்ந்து சாம்பல் இறகு முளைப்பதைக் கண்ணால் கண்டு, இரண்டும் ஒன்றே என்று நிறுவினார். அதனிலிருந்து வேறுபட்ட மெலிந்த இனத்தைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியவரும் அவரே. அதனால்தான் அது அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. வாதத்தைப் பேச்சில் தீர்க்காமல், இறகு உதிரும்வரை காத்திருந்து தீர்த்த அந்தப் பொறுமையை இன்று பகல் முழுவதும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

மாலையில் வளர்ந்த மான்டேகு ஆண் ஒன்றும் உளுந்து வயலின் மேல் கடந்து சென்றது. சாம்பல் நிற மேல் இறக்கையின் நடுவே கரிக்கோடு இழுத்ததுபோல் ஒரு பட்டை. நாளை ஊர் திரும்புவதாக இருந்தோம். பயணச்சீட்டை ஒரு நாள் தள்ளிப் போட்டுவிட்டோம்.

நான்காம் நாள்: ஜனவரி 21, மீண்டும் கூந்தன்குளம்

அண்ணாச்சியின் மந்தை இன்று எட்டு மணிக்கே வந்துவிட்டது. இம்முறை சூரியனை முதுகுப்புறம் வைத்துக்கொண்டு, மந்தைக்குக் கிழக்கே ஒரு வரப்பின் ஓரமாகக் குத்துக்காலிட்டு அமர்ந்தோம். எட்டு நாற்பதுக்குப் பறவை வந்தது. மந்தையைச் சுற்றி இருமுறை தேடியபின், எங்களுக்கு நாற்பது மீட்டருக்கும் குறைவான தொலைவில், காய்ந்த புல் நடுவே இருந்த ஒரு கல்லின் மேல் இறங்கித் தன் வலது காலிலிருந்த வெட்டுக்கிளியைக் கிழிக்கத் தொடங்கியது. டெலிஸ்கோப்பில் அதன் முகம் வட்டம் முழுவதையும் நிறைத்தது.

கண்ணைச் சுற்றியிருந்த வெள்ளை, மேலே ஒரு கீற்றும் கீழே ஒரு கீற்றுமாக மிகக் குறைவாகவே இருந்தது. கண்ணுக்கும் அலகுக்கும் இடைப்பட்ட பகுதி கருமை. கன்னத்தின் கரும்பழுப்புத் திட்டு நேற்று கண்டதைப்போல் காற்புள்ளியாக முடியாமல், அலகின் அடிவரை நீண்டு படர்ந்திருந்தது. அந்தத் திட்டுக்குப் பின்னால், தொண்டையிலிருந்து பிடரிவரை, சந்தனத்தைக் குழைத்து இழுத்தாற்போல் அகலமான வெளிர்பட்டை ஒன்று ஒரு கோடும் புள்ளியும் இல்லாமல் சென்றது. பட்டைக்குப் பின்னால் கழுத்தின் பக்கங்கள் மீண்டும் கரும்பழுப்பு. கருமை, வெளிர்மை, கருமை என்று மூன்றும் அடுத்தடுத்து நின்றதால் பட்டை இன்னும் எடுப்பாகத் தெரிந்தது. வெளிர் பூனைப்பருந்தின் இளம்பறவைக்கு உரிய கழுத்துப்பட்டை இதுதான்.

முகம் சொன்னதை மட்டும் வைத்து முடிவுக்கு வர இன்று நான் தயாராக இல்லை. அது எழும்வரை காத்திருந்தோம். பதினேழு நிமிடங்களுக்குப் பிறகு எழுந்து, சூரிய ஒளி இறக்கையின் அடியில் நேராக விழும்படி எங்களைக் கடந்தது. விரல்களின் நுனிவரை வரிகள் ஓடின. மையில் தோய்த்த கருமை இல்லை. உள் இறகுகளின் விளிம்பு வெளிறியிருந்தது. இறகுகளின் அடிப்பகுதியில் வரியற்ற வெளிர்நிறம் பிறைபோல் வளைந்து தெரிந்தது. உட்புற இறக்கை அதனுடன் ஒப்பிடும்போது இருண்டிருந்தது. முகமும் இறக்கையும் ஒன்றையே சொல்லின. நண்பரிடம் நான் எதுவும் சொல்வதற்கு முன்பே அவர் குறிப்பேட்டில் எழுதி முடித்திருந்தார்: வெளிர் பூனைப்பருந்து, முதல் ஆண்டு.

இந்த இனம் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் அச்சுறு நிலையை நெருங்கிய இனமாக வைக்கப்பட்டிருக்கிறது. அதனால்தான் பெயரைச் சரியாக எழுதுவது எனக்கு இவ்வளவு முக்கியமாகப் படுகிறது. கூந்தன்குளத்தின் புல்தரையில் எந்தப் பறவை குளிர்காலத்தைக் கழிக்கிறது என்று கேட்பவருக்கு நாம் கொடுக்கும் விடை, பிறகு அந்தத் தரையை என்ன செய்வது என்ற முடிவுக்கும் போய்ச் சேரும்.

அண்ணாச்சியிடம் டெலிஸ்கோப்பைக் கொடுத்தபோது பறவை இன்னொரு கல்லில் அமர்ந்திருந்தது. வெகுநேரம் பார்த்துவிட்டு, “மூஞ்சி ஆந்த மாதில்லா இருக்கு” என்றார். பிறகு, இரவில் அவை படுக்கும் இடம் தனக்குத் தெரியும் என்றும், கிடை போடும்போது புல்லுக்குள்ளிருந்து இரண்டு மூன்று எழுந்து போனதைப் பார்த்திருப்பதாகவும் சொன்னார். மாலை அவரே வழிகாட்டினார். அந்த இடத்தை நான் இங்கே குறிப்பிடப் போவதில்லை. தரையில் உறங்கும் பறவைக்கு ஆள் நடமாட்டமும் நாய்களும் எவ்வளவு இடையூறு என்பதை வாசகர்கள் அறிவார்கள். நூற்றைம்பது மீட்டருக்கு அப்பால் ஒரு பனையின் அடியில் அமர்ந்து, அங்கிருந்து அசையாமல் பார்த்தோம்.

ஆறு மணி ஐந்து நிமிடத்திற்கு முதல் பறவை வந்தது. தாழ்வாக மூன்று வட்டமிட்டுப் புல்லுக்குள் அமிழ்ந்தது. மங்கிய ஒளியிலும் கழுத்துப்பட்டை தெரிந்ததால் அது நமது பறவையோ அதே இனத்தின் இன்னொரு இளம்பறவையோதான். அதையடுத்து ஒரு மான்டேகு ஆண், சாம்பல் நிறத்தில் தனித்துத் தெரிந்து, நேராக வந்து இறங்கியது. சூரியன் மறைந்த பிறகு, ஆறு இருபத்தைந்துக்கு, ரிங்டெயில்கள் இரண்டு ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. வெள்ளைத் திட்டு தெரிந்தது. வேறு எதுவும் தெரியவில்லை. ஒன்று இறங்கும் முன் ஒருமுறை எழுந்து இடம் மாற்றிப் படுத்தது. பிறகு புல்லில் எந்த அசைவும் இல்லை.

பேருந்துக்குக் காத்திருந்த நேரத்தில் பட்டியலை நிறைவு செய்தேன். வெளிர் பூனைப்பருந்து 1. மான்டேகு பூனைப்பருந்து 1. மான்டேகு அல்லது வெளிர் 2.